மலாக்காவில் ஒரு வாயிலோடு நின்றுவிடலாமா?



கேமரன் மலைத் தோட்டப்பள்ளிகளிலிருந்து மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா செல்வது புதிதன்று. விடியுமுன் பேருந்து புறப்படும். ரிங்லெட் தாண்டித் தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சோர்வர். பின்பு நெடுஞ்சாலை, ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீட்டர் பயணம். மலைக்குளிரில் வளர்ந்த பிள்ளைகள் மலாக்கா வெயிலில் இறங்கியதும் வாடிப்போவர். போர்த்துக்கீசியர் கோட்டையில் எஞ்சிய வாயிலின் முன் வகுப்புவாரியாக நிழற்படம் எடுப்போம். அலங்கரித்த திரிஷா, ஐஸ் செண்டோல், பெயர் பொறித்த சாவிக்கொத்து, மாலையில் நீர் விளையாட்டுப் பூங்கா. மறுவாரம் 'என் மலாக்காப் பயணம்' என்று கட்டுரை எழுதச் சொல்வோம். அவ்வாறு வந்த கட்டுரைகள் பலவற்றைத் திருத்தியிருக்கிறேன். கோட்டைக்கு ஒரு வரி கிடைத்திருக்கும், பூங்காவுக்கு ஒரு பக்கம் கிடைத்திருக்கும்.

பிள்ளைகள் மீது குறையில்லை. கண்டதைத்தானே எழுதுவார்கள்! அந்நகரில் அவர்களுக்கு நாம் எதைக் காட்டுகிறோம் என்பதே என் கேள்வி. மலாக்காவில் தமிழ்ப்பிள்ளை காண வேண்டியவற்றுள் பாதிக்கு மேல் அவ்வாயிலுக்கு அப்பால், ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. அங்கே செல்லாமல் திரும்பும் சுற்றுலாவுக்குக் 'கல்வி' என்னும் அடைமொழி தேவையில்லை.

முதலில் அவ்வாயிலையே எடுத்துக்கொள்வோம். 'ஆ பமோசா' என்பது கோட்டைக்கு வழங்கிய பெயர். நாம் நிழற்படம் எடுப்பது அதன் சாந்தியாகோ வாயிலின் முன்பு. 1511 ஆகஸ்டில் அபோன்சோ டி அல்புகெர்க்கே நகரைக் கைப்பற்றினார். பள்ளிவாசலிலிருந்தும் அரச கல்லறைகளிலிருந்தும் பெயர்த்த கற்களைக்கொண்டே கோட்டையை எழுப்பினார். சுற்றிலும் மதில், உள்ளே பல அடுக்குக் காவற்கோபுரம், குன்றின்மேல் தேவாலயம் என, ஐரோப்பிய இடைக்காலக் கோட்டைநகரின் அமைப்பு அப்படியே கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. மதிலுக்குள் பேராலயமும் ஆயர் இல்லமும் நகரமன்றமும் மருத்துவமனைகளும் இருந்தன. இன்று கூரையிழந்து நிற்கும் தூய பவுல் ஆலயம் 1521-இல் மரியன்னைக்கென எழுப்பப்பட்ட சிற்றாலயத்திலிருந்து வளர்ந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் இந்நகருக்கு வந்தார். அவர் மறைந்தபின் 1553-இல் அவருடைய உடல் சில மாதங்கள் இக்குன்றில்தான் இருந்தது. பின்னரே கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அந்நகரம் 130 ஆண்டுகள் போர்த்துக்கீசியர் கையில் இருந்து, 1641-இல் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. வாயிலின் மேற்புறத்தை உற்றுநோக்கச் சொல்லுங்கள். 1670 என்னும் ஆண்டும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் அங்குக் காணப்படும். போர்த்துக்கீசியர் கட்டிய வாயிலில் ஒல்லாந்தர் தம் முத்திரையைப் பதித்துக்கொண்டனர்! 1807-இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்த்தனர். சதுக்கத்தில் உள்ள செந்நிறக் கட்டடங்களையும் போர்த்துக்கீசியர் கட்டினர் என்று எழுதாத மாணவர் அரிது. அவை ஒல்லாந்தர் கட்டியவை. கிறிஸ்து ஆலயம் 1753-இல் நிறைவுற்றது. ஒரு வாயிலில் மூன்று ஆட்சிகளின் கை இருப்பதைப் பத்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்தால் அதுவே ஒரு பாடம். பத்து நிமிடம் போதும்.

இவ்வளவும் மதிலுக்கு உட்பட்ட கதை. நகரின் செல்வம் மதிலுக்குள் விளையவில்லை.

பாலத்தைக் கடந்து மறுகரைக்குச் சென்றால் வணிகர் வாழ்ந்த உப்பே என்னும் புறநகர். மலாக்காவிலேயே பிறந்த மானுவேல் கொடின்யோ டி எரேடியா 1613-இல் எழுதிய நூலில் அப்புறநகரின் 'கம்போங் கிளிங்' பற்றிய குறிப்பு உள்ளது. சோழமண்டலக் கரையினர் வாழ்ந்த பகுதி அது. போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே அவர்கள் அங்கிருந்தனர். நகரம் வீழ்ந்த மறு ஆண்டே அங்கு வந்து சேர்ந்த தோமே பிரேஸ் என்னும் மருந்தாளர், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்துள்ளார். சுல்தான் காலத்தில் அயல்வணிகரைக் கவனிக்க நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர். சபந்தர் என்பது அப்பதவியின் பெயர். அவர்களுள் ஒருவர் பொறுப்பில் சோழமண்டலக் கரையினரும் வங்காளத்தாரும் பெகு, பாசாய் நாட்டாரும் இருந்தனர். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணி வந்தது. இங்கிருந்து கிராம்பும் சாதிக்காயும் சந்தனமும் வெள்ளீயமும் சென்றன. மலாய்மொழியில் கப்பலுக்குக் 'காப்பால்', கடைக்குக் 'கெடாய்', வணிக முதலுக்கு 'மோடால்' என்று இன்றும் சொல்கிறோமே, அச்சொற்கள் எல்லாம் இவ்வணிகத்தோடு வந்தவைதாம்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஒருமுறை எங்கள் குழுவுக்கு வாய்த்த வழிகாட்டி, சீனர் வந்த கதையையும் போர்த்துக்கீசியர் வந்த கதையையும் விரிவாகச் சொன்னார். பின்பு எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, "உங்கள் முன்னோர்கள் ஆங்கிலேயரோடு ரப்பர் வெட்ட வந்தவர்கள்" என்று அன்பாகவே முடித்துவிட்டார். அவர் சொன்னது முழுப்பொய்யன்று. எங்கள் பிள்ளைகளுள் பெரும்பாலோரின் முன்னோர் கங்காணி வழியாகக் கப்பலேறியவர்கள். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபின் இம்மலைச்சரிவுகளைச் செம்மைப்படுத்தியவர்கள். அந்த உழைப்பில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் இந்நாட்டில் தமிழரின் கதை தேயிலைச் செடியடியில்தான் தொடங்குகிறது என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், அது வரலாற்றுப் பிழை. தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பிழை தரும் சுமையும் பெரிது.

இங்கே நம்மவர் சிலரிடம் எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. மலாக்கா என்றதும் மேடையேறி, "அன்றே நாம் அமைச்சராக இருந்தோம், கப்பலோட்டினோம்" என்று முழங்கிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவர். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் பேச்சு அது. மற்றதையும் பார்ப்போம்.

தமிழ் முஸ்லிம் வழிவந்த துன் முதாஹிர் மலாக்காவின் பெண்டஹாராவாக, அதாவது தலைமையமைச்சராக இருந்தார். அவருடைய வீழ்ச்சியை மலாய் வரலாற்று இலக்கியமான 'சுலாலத்துஸ் சலாத்தின்' விரிவாகச் சொல்கிறது. நைனா சுரதேவன் என்னும் பெருவணிகருக்கும், ராஜா முதலியார் என்னும் சபந்தருக்கும் வழக்கு மூண்டது. பெயர்களைப் பாருங்கள், இருவரும் யாரென்று விளங்கும். சுரதேவன் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்தார். இதனை அறிந்த முதலியார், பெண்டஹாரா அரசைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்னும் செய்தியைப் பொன் கொடுத்தே அரண்மனைக்குக் கொண்டுசேர்த்தார். 1510-இல் துன் முதாஹிர் கொல்லப்பட்டார். பொய் வெளிப்பட்டபின் முதலியாரும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு போர்த்துக்கீசியக் கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன.

அப்போரில் நீனா சாத்து என்று போர்த்துக்கீசியர் எழுதிவைத்த செட்டியார் ஒருவர் வருகிறார். 1509-இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர் அவர். நகரைப் பிடித்த அல்புகெர்க்கே அவரையே வணிகர்களின் பெண்டஹாராவாக்கினார். 1514-இல் அப்பதவி காம்பார் அரசருக்குக் கைமாறவே, மானம் தாங்காமல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகப் போர்த்துக்கீசிய எழுத்தாளர்கள் குறித்துள்ளனர். அவர் வீரரா, துரோகியா, வணிகத்தைக் காக்க வழியறிந்து நடந்தவரா? ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இக்கேள்வியை வைத்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் மூன்று கட்சியாகப் பிரிந்து, மணியடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தனர். "ஐயா, அவர் உதவாவிட்டால் அந்தக் கைதிகள் செத்திருப்பார்களே?" என்று கேட்டாள் ஒரு மாணவி. எதிரில் இருந்தவனிடம் உடனே பதில் இல்லை. எனக்கும் அது எளிய கேள்வியாகத் தோன்றவில்லை.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய மனிதர் இன்னொருவர் இருக்கிறார். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796-இல் மலாக்காவில் பிறந்தவர்; அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பம். அவர் எழுதிய 'ஹிக்காயாத் அப்துல்லா' என்னும் தன்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. சிறுவயதில் அவருடைய தந்தை அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். மலாக்காவில் வசதியும் மதிப்பும் உடைய குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது அங்கு நெடுநாள் வழக்கமாம். கணக்குப் பார்க்கவும் வணிகம் பேசவும் அது வேண்டியிருந்ததாம். தமிழ் வணிகர் செல்வாக்கோடு வாழ்ந்த நகரம் அது.

இதை நான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது அரங்கில் சற்று அமைதி நிலவியது. ஏனெனில் அதற்குச் சற்று முன்புதான் ஒரு தந்தை எழுந்து, "ஐயா, தமிழ்ப்பள்ளியில் படித்தால் என் பிள்ளைக்கு நாளை என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதைக் கேட்பவரைத் தமிழ்ப்பற்றில்லாதவர் என்று தூற்றுவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாக்காவில் அக்கேள்விக்கு விடை இருந்தது. தமிழ் தெரிந்தால் கணக்கு எழுதலாம், கடை நடத்தலாம். வேற்றினத்தாரும் அம்மொழியைக் கற்றனர். பின்பு அந்த விடை எங்கே போயிற்று?

அதைத் தேடித்தான் காஜா பெராங்கிற்குச் செல்ல வேண்டும். மலாக்கா செட்டிகள் வாழும் சிற்றூர் அங்குள்ளது. சுல்தான் காலத்திலேயே வந்து தங்கிய தமிழ் வணிகர்கள் இங்குள்ள பெண்களை மணந்தனர். அவர்களின் வழிவந்தோர் இம்மக்கள். வீட்டுமொழி மலாய் ஆயிற்று. ஒல்லாந்தர் காலத்தில் கடல்வணிகம் கைவிட்டுப் போகப்போக, நகரை விட்டு விலகி உழவுக்குத் திரும்பினர். இன்று அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தமிழ் பேசத் தெரியாது. உடையும் சமையலும் மலாய்ச் சாயலுடையவை. ஆனால் சைவத்தை விடவில்லை. 1822-இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. பொங்கலுக்கு முந்திய போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் படையலிட்டு வணங்கும் 'பார்ச்சு' அவர்களுக்குப் பெருநாள். தங்காசாரித் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் ஒல்லாந்தர் அளித்த நிலத்தில் எழுந்ததும் அச்சமூகத்தார் முயற்சியால்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மக்களைச் சுட்டிக்காட்டி, "பார்த்தீர்களா, தமிழை மறந்தால் இப்படித்தான்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஐந்நூறு ஆண்டுகளாகத் தெய்வத்தையும் முன்னோரையும் மறவாத மக்களை எச்சரிக்கைப் பலகையாக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் பெரியவர் எவரேனும் இருந்தால் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். மலாயில்தான் பேச்சு நடக்கும். அதுவும் ஒரு பாடமே. கோயில் நிலைத்திருக்க மொழி மட்டும் ஏன் போயிற்று என்று பிள்ளைகளே கேட்பார்கள். வீட்டில் பேசுவோரும் இல்லாமல் கடையில் வேண்டுவோரும் இல்லாமல் போனபோது அது போயிற்று என்பதே நான் கண்ட விடை. கோயில் ஒன்றே மொழியைக் காத்துவிடும் என்று நம்பியிருக்கும் நம் தோட்டப்புறத்தார்க்கு இது கசக்கும்.

கசப்போடு நிறுத்த வேண்டியதில்லை. அங்கிருந்து கடற்கரையோரம் உஜோங் பாசிருக்குச் சென்றால் கதையின் மறுபக்கம் தெரியும். 1930-களில் இரண்டு பாதிரியார்களின் முயற்சியால் ஏழை மீனவக் குடும்பங்களுக்காக அமைந்த போர்த்துக்கீசியக் குடியிருப்பு அது. 1641-இல் போர்த்துக்கல் இந்நகரை இழந்தது. அதன்பின் அவர்களுக்கு அரசுமில்லை, படையுமில்லை, அம்மொழியைக் கற்பிக்கும் பள்ளியுமில்லை. ஆயினும் 'கிரிஸ்தாங்' என்னும் கலப்புமொழி முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடிருக்கிறது. அடுக்களையிலும் படகிலும் பாட்டிலும் ஜெபத்திலும் அது பேசப்பட்டது, அதனால் நின்றது. இன்று அதுவும் அருகிவருகிறது. பேசுவோருள் பெரும்பாலோர் முதியோர். சமூகத்தினரே விழித்துக்கொண்டு வகுப்புகள் நடத்துகின்றனர். சிங்கப்பூரில் 2016-இல் இளைஞர்கள் 'கோட்ரா கிரிஸ்தாங்' என்னும் மீட்பு முயற்சியைத் தொடங்கினர். பள்ளியே இல்லாமல் அவர்கள் இவ்வளவு காலம் காத்தனர். நமக்கோ நாடெங்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், வீட்டில் பிள்ளையோடு ஆங்கிலம் கலந்தே பேசுகிறோம்.

நம் மலைத்தோட்டத்துக்கும் அந்தப் போர்த்துக்கீசிய நகருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? 'மண்டோர்' என்னும் சொல்லைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் வேலை வாங்குபவரை நம் தாத்தா பாட்டியர் அப்படித்தான் அழைத்தனர். 'மண்டடோர்' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் மரூஉ அது. ஏவுபவன் என்று பொருள். மலாய்வழியாக நம் தேயிலைக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் மேசை, அலமாரி, ஜன்னல், சாவி, துவாலை, பேனா, காலுக்குச் சப்பாத்து, சந்தையில் அன்னாசி என எத்தனையோ சொற்கள். மேசை மலாயில் 'மேஜா', ஜன்னல் 'ஜெண்டேலா', அலமாரி 'அல்மாரி'. ஒரே கப்பலிலிருந்து இரு மொழிகளும் இறக்கிக்கொண்ட சரக்கு! 'செக்கோலா' என்று பள்ளிப் பெயர்ப்பலகையிலேயே போர்த்துக்கீசியச் சொல் இருக்கிறது. போர்த்துக்கீசியர் தமிழுக்குச் செய்த வேறொரு செயலும் உண்டு. 1578-இல் கொல்லத்தில் அண்ட்ரிக்கு அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் வெளிவந்த முதல் அச்சுநூல். மலாக்காவில் கோட்டையாக வந்தவர்கள், தமிழ்க் கடற்கரைக்கு அச்செழுத்தாகவும் வந்தனர். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும்.

தயக்கத்துக்குரிய சொல்லும் ஒன்றுண்டு. தங்காசாரித் தெருவில் பொய்யாத விநாயகர் கோயிலும் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக்கோயிலும் அருகருகே உள்ளன. பள்ளிவாசலின் பெயர்ப்பலகையைப் படித்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். தெருச்சண்டையில் தம்மீது வீசப்பட்ட சொல்லல்லவா அது! மழுப்ப வேண்டாம். கலிங்கம் என்னும் பெயரிலிருந்து பிறந்து, கடல்கடந்து வந்த தென்னிந்தியரைக் குறித்த சொல் அது என்றும், வணிகர் கூலியாகக் கருதப்பட்ட காலத்தில் வசைச்சொல்லாகத் திரிந்தது என்றும் விளக்குங்கள். 1748-இல் தமிழ் முஸ்லிம் வணிகர் எழுப்பிய பள்ளிவாசல் அது. மூவடுக்குக் கூரையைப் பார்த்தால் நாம் வழக்கமாகக் காணும் மசூதி போலவே இராது. தமிழர் என்றால் கோயிலுக்குச் செல்பவர் மட்டும் என்று எண்ணிவிட்ட பிள்ளைக்கு அது நல்ல திருத்தம். சில பெற்றோர் "பள்ளிவாசலுக்கு ஏன் அழைத்துப் போகிறீர்கள்?" என்று கேட்கக்கூடும். முன்கூட்டியே கடிதத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

இனி நடைமுறை. "ஒரே நாளில் இவ்வளவும் முடியுமா, செலவு யார் ஏற்பது?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஒரே நாளில் முடியாது. மலையிலிருந்து செல்வோர் ஓர் இரவு தங்கியே ஆகவேண்டும். பெரும்பாலும் இப்போதும் தங்கத்தான் செய்கிறோம். கூடுதல் நுழைவுக்கட்டணம் பெரிதாக இல்லை. தங்காசாரித் தெரு, குன்று, சதுக்கம் மூன்றும் நடந்தே பார்க்கக்கூடிய தூரம். 2008-இல் ஜார்ஜ்டவுனோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட பகுதி இது, நடப்பதற்கு ஏற்றது. வெயிலேறுமுன் காலை எட்டு மணிக்கே தெருவில் இறங்கிவிட வேண்டும். குளிரில் பழகிய நம் பிள்ளைகளுக்குப் பதினொரு மணிக்கு மேல் எதுவும் தலையில் ஏறாது. நண்பகலில் நிழலுள்ள அருங்காட்சியகங்கள். மாலை நான்குக்குமேல் காஜா பெராங். அந்தி சாயும்போது உஜோங் பாசிர். கடற்காற்றும் வரும், உணவும் கிடைக்கும். செட்டிகளின் ஊருக்கும் போர்த்துக்கீசியக் குடியிருப்புக்கும் முன்னரே தகவல் தந்துவிட்டுச் செல்லுங்கள். அவை மக்கள் வாழும் இடங்கள். நாற்பது பிள்ளைகள் திடீரென்று ஒருவர் வாசலில் போய் நிற்பது முறையன்று.

ஆசிரியர் தொகுத்துத் தரும் தகவல் ஏட்டைவிடப் பிள்ளைகளே நிரப்பும் ஒரு தாள் மேலானது. என்னுடையதில் ஐந்தாறு வினாக்கள்தாம். வாயிலின்மேல் எந்த ஆண்டு உள்ளது, அது யாருடைய ஆட்சிக்காலம்? மூன்று மொழிகளிலும் ஒத்தொலிக்கும் ஐந்து சொற்களைத் தேடுக. காஜா பெராங்கில் ஒருவரிடம் அவர் பாட்டி பேசிய மொழி எது என்று பணிவோடு கேட்டு எழுதுக. உன் வீட்டில் உன் பாட்டி பேசிய மொழி எது, நீ அவரோடு எம்மொழியில் பேசுகிறாய்? கடைசி வினாவுக்கு மலாக்காவில் விடை எழுத முடியாது. வீட்டுக்குச் சென்றே எழுத வேண்டும். சென்ற முறை சில தாள்களில் அவ்விடத்தில் பெற்றோரின் கையெழுத்தும் இருந்தது. "பாட்டி தமிழ், நாங்கள் பாதித் தமிழ்" என்று ஒரு தாயார் எழுதியிருந்தார்.

இம்முயற்சி இப்போது ஏன் அவசரம் என்றால், நம் தோட்டங்களின் நிலைமை மாறிவிட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளிவயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றிருந்தது. தோட்டப்புறப் பள்ளிகள் பல அவ்வாறு பிறந்தவை. இன்றோ தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகளுள் பெரும்பாலானவை வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை. நம் குடும்பங்கள் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும், மலையை விட்டே ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்துவிட்டன. தொழில் மாறும்போது மலாக்காவில் என்ன நடந்ததோ, அதே நிலையில் நாமும் நிற்கிறோம். வாடகை வீட்டில், அடுக்குமாடியில், இளைய தலைமுறை எம்மொழியில் சண்டையிடும், எம்மொழியில் கணக்குப் போடும் என்பது இந்தப் பத்திருபது ஆண்டுகளில் முடிவாகிவிடும். பள்ளியால் எழுத்தைத் தர முடியும். பேச்சு வீட்டுக்குரியது. தமிழில் கணக்கெழுதும் கடை, தமிழில் விண்ணப்பம் வாங்கும் சங்கம், தமிழ் தெரிந்தவரைத் தேடும் நிறுவனம் ஆகியவற்றை உருவாக்க வேண்டியவர்கள் நம் வணிகர்கள். அவர்களும் ஒருமுறை எங்களோடு காஜா பெராங்கிற்கு வரலாம், பேருந்தில் இடமிருக்கிறது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டுநாள் அட்டவணையை முன்வைக்கவிருக்கிறேன். நீர் விளையாட்டுப் பூங்காவை நான் நீக்கவில்லை, அஞ்சவேண்டாம். இரண்டாம் நாள் நண்பகலுக்குமேல், மலையேறுமுன் இரண்டு மணிநேரம் அதற்கென ஒதுக்கியிருக்கிறேன்.